நெருப்புக்கோழி சொன்ன குறி

தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறேன். எதிரே துரை மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். நின்றால் வாழைமரத்து உயரம் இருப்பான். அன்றைக்கு அத்தனை உயரத்தையும் மடக்கித் தரையில் வைத்துவிட்டான். இரண்டு இறக்கைகளையும் குடை காயவைத்த மாதிரி விரித்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஆட்டினான். நீளக் கழுத்தைப் பின்னால் சாய்த்துத் தலையால் தன் முதுகிலேயே அடித்துக்கொண்டான். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. தொப், தொப் என்று பாய் தட்டுகிற சத்தம்.

வலிப்பு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இரும்புச் சாவியைக் கையில் கொடுக்கலாமென்றால் அவனுக்குக் கை இல்லை.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. காலை வெயில் இன்னும் சுடவில்லை. சவுக்குத் தோப்பு கடல்காற்றில் உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"தனம்! ஓடியாடி!" என்று கத்தினேன். நான் கத்தியதைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது.

தனபாக்கியம் என் ஓர்ப்படி. என் வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி. இரண்டு பேருக்கும் அந்தப் பறவைத் தோட்டத்தில் பெருக்குகிற வேலை. எனக்கு வராத பேச்சையெல்லாம் சேர்த்து அவளுக்குக் கொடுத்துவிட்டார் கடவுள்.

துடைப்பத்தோடு ஓடி வந்தவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"யக்கா, வலிப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. சாமி வந்துகீது!"

கறுப்புக் கோட்டு, சாம்பல் புடவை

உப்பளத்து வேலையை விட்டு, மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையோரம் ஒரு பறவைத் தோட்டத்தில் சேர்ந்த கதையைப் போன வாரம் இதே பக்கத்தில் எழுதினேன். அதைப் படித்தவர்கள் கிளியை விட்டுவிட்டார்கள், மயிலை விட்டுவிட்டார்கள். கேட்டதெல்லாம் நெருப்புக்கோழியைப் பற்றித்தான்.

நெருப்புக்கோழியைப் பற்றிச் சொன்னால் துரை கதையைச் சொல்ல வேண்டும். துரை கதையைச் சொன்னால் என் மானம் போகும். வாய்திறந்து சொல் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் சொல்கிறேன்.

துரையும் செல்லியும் எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது என் முழங்கால் உயரம்தான் இருந்தன. தாய் அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள் இல்லை, மெஷினில் பொரித்தவை. கண் திறந்ததிலிருந்து மனுஷக் கையைத்தான் பார்த்தன. இங்கே வந்த பிறகு என் கை. அகத்திக்கீரையையும் முட்டைக்கோஸ் இலையையும் பொடியாக நறுக்கி நான்தான் போடுவேன். நான் நடந்தால் பின்னாலேயே வரும். நான் உட்கார்ந்தால் என் புடவை ஓரத்தில் படுத்துக்கொள்ளும்.

வளர்ந்த பிறகுதான் எது ஆண், எது பெண் என்று தெரிந்தது. ஆணுக்கு உடம்பெல்லாம் கறுப்பாகி, இறக்கை நுனியிலும் வாலிலும் மட்டும் வெள்ளை வந்தது. கறுப்புக் கோட்டுப் போட்டு வெள்ளைச் சட்டை நுனியை வெளியே விட்ட வெள்ளைக்காரன் மாதிரி நடப்பான். துரை என்று பேர் விழுந்துவிட்டது. பெண் கடைசிவரை சாம்பல் நிறம்தான். நான் கும்பிடுகிற அம்மன் பேரை வைத்து அவளைச் செல்லி என்று கூப்பிட்டேன்.

அந்தத் தை மாதம் துரையின் மூக்கும் முழங்காலுக்குக் கீழே முன்பக்கமும் சிவந்துபோயின. குங்குமம் தடவின மாதிரி சிவப்பு. தனம் மஞ்சள் அரைத்துப் பூச வேண்டும் என்றாள். தொட விட்டால்தானே! அவன் உதை முன்பக்கமாகத்தான் வரும். காலுக்கு இரண்டே விரல், ஒன்றில் ஆணி மாதிரி நகம். வாட்ச்மேன் ஒருதரம் தகரத்தைத் தடுப்பாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அந்தத் தகரத்தில் இன்றைக்கும் ஒரு சொம்பு வைக்கிற அளவு பள்ளம் இருக்கிறது.

செல்லி மணலில் முட்டை போட ஆரம்பித்திருந்தாள். உரித்த தேங்காய் அளவு முட்டை, பீங்கான் மாதிரி பளபளப்பு. ஆனால் ஒன்றும் பொரிக்கவில்லை. முதலாளிக்குக் குஞ்சு வேண்டும். இந்தப் பருவத்திலும் குஞ்சு வராவிட்டால் துரையைப் பொள்ளாச்சிப் பக்கம் ஒருவருக்குத் தள்ளிவிட்டு வேறு ஆண் கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டார்.

மேனேஜர் இதை எங்களிடம் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வளர்த்த பிள்ளையை லாரியில் ஏற்றுவதாவது!

தலையை எப்போது புதைக்கும்?

துரை கதை கொஞ்சம் நிற்கட்டும். வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால் கடிதம் போடுவீர்கள்.

"இது எப்போ தலைய மண்ணுல புதைக்கும்?"

டிக்கெட் வாங்கி, ஐஸ்கிரீம் வாங்கி, வேலியோரம் நின்று காத்திருப்பார்கள். தனம் அலட்டிக்கொள்ளாமல் சொல்வாள்: "இப்பதான் புதைச்சி எட்த்துச்சி. இனிமே சாப்பாட்டுக்கு அப்பறம்தான்."

என் காலத்தில் அது ஒருநாளும் தலையைப் புதைக்கவில்லை. தாம்பரம் பக்கமிருந்து ஹெலிகாப்டர் தாழப் பறந்து வந்தால் செல்லி பயந்து, முட்டை மேல் அப்படியே படுத்துக் கழுத்தை நீட்டித் தரையோடு ஒட்டிக்கொள்வாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மண்மேடு. மற்ற நேரம் மூக்கை மணலுக்குள் விட்டு முட்டையைப் புரட்டிப் போடுவாள். இதைப் பார்த்துவிட்டு எவரோ கிளப்பிவிட்ட புரளி. அவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு எதற்குப் புதைக்க வேண்டும்? அதன் மூளையைவிடக் கண் பெரிசு என்று தோட்டத்துக்கு வருகிற டாக்டரம்மா சொல்வார். எங்கள் தெருவிலும் அப்படிச் சிலர் உண்டு.

இன்னொன்று, பேர். நெருப்புக்கோழி என்றால் நெருப்பைத் தின்ன வேண்டாமா என்று வாட்ச்மேனுக்குப் பெரிய சந்தேகம். டீக்கடையிலிருந்து எரிகிற கரித்துண்டு ஒன்றைக் கரண்டியில் கொண்டுவந்து வேலிக்கு வெளியே பிடித்தார். துரை கழுத்தைச் சாய்த்து அந்தக் கரியைப் பார்த்தான். வாட்ச்மேனைப் பார்த்தான். அப்புறம் அவர் சட்டைப் பையிலிருந்த பொடி டப்பாவின் மூடியைக் கொத்தி விழுங்கிவிட்டான். பளபளவென்று எது இருந்தாலும் அவனுக்கு வேண்டும். கூழாங்கல்லைக்கூடக் கடலை மாதிரி விழுங்குவான். பல் இல்லாததால் வயிற்றுக்குள் அந்தக் கல்தான் அரைக்குமாம்.

வாட்ச்மேன் ஒரு வாரம் என்னிடம், "இன்னா பச்சையம்மா, வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெருக்குகிறவள் நான்தானே. எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: மற்றப் பறவை மாதிரி எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாது. மாடு மாதிரி நீர் தனி, எரு தனி. பெருக்குகிறவர்களுக்கு அது பெரிய உபகாரம். மூடி மட்டும் வரவில்லை.

திருப்போரூர் பிளாட்டு

சாமி வந்த கதை தோட்டத்தோடு நிற்கவில்லை. தனம் வாயில் விழுந்தது ஷேர் ஆட்டோவில் ஏறி, எங்கள் ஊரைத் தாண்டித் திருப்போரூர் வரைக்கும் போய்விட்டது.

வேறு யார் நின்றாலும் துரை சும்மா பார்ப்பான். நான் போய் நின்றால் போதும், மண்டி போடுவான், இறக்கையை விரிப்பான், ஆட்டம் தொடங்கும். மேனேஜர் பார்த்தார். 'வணங்கும் நெருப்புக்கோழி' என்று ஒரு போர்டு எழுதி மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வேலியோரம் போய் நிற்க வேண்டும் என்றார்.

ரேஷன் கடையில் என்னைத் தாண்டிப் பின்னால் ஆள் வந்தால் வழிவிட்டு அவர்களுக்கும் பின்னால் போய் நிற்கிறவள் நான். என்னை நடுவில் நிறுத்திச் சுற்றிலும் கூட்டம். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பேன். அதையும் ஜனங்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். கற்பூரம் கொளுத்த வந்தவர்களை வாட்ச்மேன் தடுத்தார். எலுமிச்சம்பழத்தை அவரால் தடுக்க முடியவில்லை. துரை அதையும் முழுசாக விழுங்கினான். பழம் கழுத்துக்குள் உருண்டை உருண்டையாக இறங்குவது வெளியே தெரியும். ஜனங்கள் கைதட்டுவார்கள்.

அப்புறம் குறி கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு வழி சொன்னவளும் தனம்தான். தலை வலது பக்கம் அடித்தால் சரி, இடது பக்கம் அடித்தால் வேண்டாம்.

"ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அடிக்கிதேம்மா?"

"கடசியா எந்தப் பக்கம் அடிக்கிதோ அதான் கணக்கு. நடுவுல அது யோசிக்கிது."

கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு அம்மா தன் பெண்ணுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டாள். துரை இடது பக்கம் அடித்து எழுந்தான். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. பின்னால் நின்ற பெண் மட்டும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்காகவே சாமி இருக்கலாம் என்று தோன்றியது.

மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை செய்கிறவர் ஒருவர், முழுக்கைச் சட்டைக்காரர், திருப்போரூர் தாண்டி வீடு கட்ட ஒரு பிளாட்டு வாங்கலாமா என்று கேட்டார். வலது பக்கம். மறுவாரமே ஸ்வீட் பாக்ஸோடு வந்து என் காலில் விழப் பார்த்தார். நான் ஓடிப் போய்க் கிளிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? நானும் நம்பினேன். அம்மனே துரை மேல் வந்து எனக்கு என்னமோ சொல்கிறாள் என்று தினமும் விளக்கேற்றினேன். அம்மா, நீ குறி சொன்னது போதும், செல்லி முட்டையில் ஒரு குஞ்சு வரட்டும், இவன் லாரி ஏறாமல் இருக்கட்டும் என்று வேண்டினேன்.

வெறும் முட்டை

பங்குனி வெயிலில் டாக்டரம்மா வந்தார். பறவைகளைப் பார்க்கிற டாக்டர். என் பேத்தி வயசுதான் இருக்கும், என்னைப் பாட்டி என்றுதான் கூப்பிடுவார்.

செல்லியின் முட்டைகளை எடுத்துக்கொண்டு தீவனம் வைக்கிற இருட்டு அறைக்குப் போனார். முட்டைக்குப் பின்னால் டார்ச்சை வைத்தார். விளக்கு மாதிரி மஞ்சளாக எரிந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"வெறும் முட்டை பாட்டி. கரு பிடிக்கவே இல்ல. ஆணும் பெண்ணும் சேர்றத நீங்க பாத்திருக்கீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அத எங்க டாக்டரம்மா?" என்றாள் தனம். "செல்லி கிட்ட வந்தா மூஞ்சியத் திருப்பிக்கினு போறான். எங்கக்காவப் பாத்தா மட்டும் சாமி வந்துடுது அவனுக்கு."

"சாமியா? எங்க, காட்டுங்க."

காட்டினோம். துரை என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான், மண்டி போட்டான், தொப், தொப். டாக்டரம்மா கொஞ்ச நேரம் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். அப்புறம் முடியாமல் சவுக்கு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மரமே ஆடியது.

"பாட்டி, கோவிச்சுக்காதீங்க. இது சாமி இல்ல. ஆண் நெருப்புக்கோழி பொண்ணு கேக்குற விதம் இது. மூக்கும் காலும் செவக்குறதும் அதுக்குத்தான். குஞ்சுலேர்ந்து மனுஷங்களையே பாத்து வளர்ந்ததால தன்னையும் உங்க ஜாதின்னு நெனச்சுக்கிட்டான். அவன் உங்களக் கும்பிடல. கட்டிக்கிறியான்னு கேக்குறான்."

எனக்குக் காது நுனி வரைக்கும் சுட்டது.

தனம் மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்தது. "யம்மா... யக்கா... இத்தினி நாளு ஊரே கூடி நின்னு ஒன்னியப் பொண்ணு பாக்குற சடங்கு நடத்திகினு இருந்துகீதுக்கா!"

அன்றைக்கு வீடு போகிறவரை நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் பாத்திரம் தேய்க்கும்போது ஒரு நினைப்பு வந்தது. என்னை யாரும் கேட்டதில்லை. என் கல்யாணத்தில் என் அப்பாவைக் கேட்டார்கள், மாமனைக் கேட்டார்கள், ஜோசியரைக் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தன் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வயசில் ஒருவன் என்னைத்தான் கேட்கிறான். அதுவும் மண்டி போட்டு.

தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி வந்த ஞாயிறு

டாக்டரம்மா சொன்ன வைத்தியம் சுலபம். வேலியைச் சுற்றிக் கீற்றுத் தட்டி கட்ட வேண்டும். துரை கண்ணில் மனுஷ முகமே படக்கூடாது. முக்கியமாக நான் படக்கூடாது. அப்போதுதான் பக்கத்தில் ஒருத்தி இருப்பது அவனுக்குத் தெரியும்.

மேனேஜருக்கு மனசில்லை. "ஞாயித்துக்கெழம கூட்டம் இன்னா ஆவுறது? வேற ஆம்பளப் பறவை வந்தாலும் அதுவும் கும்புடும், பச்சையம்மா நின்னா போதும்" என்றார்.

பொள்ளாச்சிக்கு லாரியும் பேசியாகிவிட்டது. டாக்டரம்மா சொன்ன விஷயத்தை முதலாளியிடம் எடுத்துச் சொல்ல மேனேஜருக்கும் கூச்சம். "ஏதோ பழக்கக் கோளாறாம்" என்று முடித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி சென்னையிலிருந்து வந்தார். கூட்டம் வேலியைச் சுற்றி நின்றது. பிளாட்டு வாங்கினவரும் வந்திருந்தார், இந்தத் தடவை வீடு கட்ட வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்க. நான் போய் நின்றேன். துரை ஆடினான். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஆட்டம் நல்லாத்தான் இருக்கு" என்றார் மேனேஜரிடம். "பிரயோஜனம்? ஆம்பளையே சரியில்ல, தட்டி கட்டி என்ன ஆகப்போகுது? லாரி வர்றப்போ ஏத்திவிட்டுடு."

டாக்டரம்மா அன்றைக்கு வரவில்லை. நான் தனத்தைப் பார்த்தேன். ஊரெல்லாம் பேசுகிறவள், முதலாளி முன்னால் துடைப்பத்துக்குப் பின்னால் ஒளிகிறாள்! துரை இன்னும் மண்டி போட்டபடி இருந்தான். இறக்கை நுனி நடுங்கிக்கொண்டிருந்தது.

முந்தானை நுனியை வாயிலிருந்து எடுத்தேன்.

"அய்யா."

கூட்டம் என் பக்கம் திரும்பியது. எனக்குக் குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் மேனேஜருக்கே தெரிந்திருக்கும்.

"கொற அவங்கிட்ட இல்லீங்க அய்யா. கேக்குற எடந்தான் தப்பு."

"என்னம்மா?"

"அவன்... கும்புடலீங்க. கட்டிக்கிறியான்னு கேக்குறான். என்னிய." கிளிக்கூண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "டாக்டரம்மா சொன்னாங்க. என்னிய அவங்கண்ணுல காட்டாம வெச்சீங்கன்னா செல்லியக் கேப்பான். அவன அனுப்பிடாதீங்க அய்யா."

கூட்டம் சிரித்த சிரிப்பில் கூண்டிலிருந்த கிளிகளெல்லாம் கத்த ஆரம்பித்தன. முதலாளி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரிக்காதவர் ஒருவர்தான். "இருங்க, இருங்க" என்று முழுக்கைச் சட்டைக்காரர் முன்னால் வந்தார். "அப்ப எனக்குச் சொன்ன குறி?"

சாமியும் இல்லை, முதலாளியும் சிரித்துவிட்டார் என்றதும் தனத்துக்கு வாய் திரும்பிவிட்டது. "ஒங்கிட்ட எங்க சொல்லிச்சி, அண்ணாத்த? அது எங்கக்காகிட்ட பேசிகினு இருந்துது. குறுக்கால பூந்து கேட்டது நீதான்."

"நான் பிளாட்டே வாங்கிட்டனேம்மா!"

"பிளாட்டு நல்லாகீதா?"

"நல்லாத்தான் கீது. பஸ் ஸ்டாப்பு பக்கத்துல."

"அப்பறம் இன்னா? வூட்டக் கட்டிக் குடி போ."

முதலாளி மேனேஜரைப் பார்த்து, "நாளைக்கே தட்டி கட்டு. லாரிக்காரனை ஆடி வரைக்கும் பொறுக்கச் சொல்லு. அதுக்குள்ள குஞ்சு வந்தா இவன் இங்கேயே இருக்கட்டும்" என்றார். போகும்போது என் பக்கம் திரும்பி, "இப்படி ஒரு மாப்பிள்ளையை வேணாம்னு சொல்றீங்களேம்மா" என்றார். கிளிக்கூண்டுக்குப் பின்னால் ஓட எனக்கு வேகம் போதவில்லை.

கீற்றுக்கு அந்தப் பக்கம்

தட்டி எழும்பியது. என்னைக் கிளிப் பக்கம் மாற்றினார்கள். தீவனத்தை அடியில் ஒரு பொந்து வழியாகத் தள்ளிவிட ஏற்பாடு. அது தனத்தின் வேலை.

ஆண் நெருப்புக்கோழி முழங்கும். தொண்டையை பலூன் மாதிரி ஊதி, வாயைத் திறக்காமலே, பூமிக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். புதிதாகக் கேட்கிறவர்கள் சிங்கம் என்பார்கள். தொட்டி கழுவுகிற நேரம் வந்தால் துரை முழங்குவான். முன்பெல்லாம் நான், "இதோ வர்றண்டா" என்று பதில் சொல்வேன். மனுஷர்களிடம் பேச வராத எனக்கு அவனிடம் மட்டும் வரும். இப்போது முந்தானையைக் கடித்துக்கொண்டு கிளிக்குக் கொய்யாப்பழம் நறுக்கினேன்.

ஊரில் கேலி வேறு. கடைக்குப் போனால், "மாப்ள நல்லாகீறாரா?" என்பார்கள். "கோவம் தீந்து வந்துடுவாரு" என்பார்கள். நான் உப்பு வாங்கப் போய் வாங்காமல் திரும்பியிருக்கிறேன்.

சித்திரையில் ஒருநாள் தனம் பொந்து வழியாகப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "யக்கா, ஆடறான்!"

"யாரப் பாத்து?"

"செல்லியப் பாத்துதான். அவளும் தலையத் தொங்கப் போட்டுகினு, வாயத் தொறந்து தொறந்து மூடி, றெக்கைய ஒதறிகினு சுத்திச் சுத்தி வர்றா. நீ ஒருநாளாச்சும் அப்டிப் பண்ணியா? நீ பாட்டுக்குத் தொட்டி கழுவிகினு இருந்த!"

டாக்டரம்மா திரும்ப டார்ச் வைத்துப் பார்த்தபோது முட்டைக்குள் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடியது. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்துவிட்டு அந்த இருட்டு அறையிலேயே ஒரு கும்பிடு போட்டேன்.

அடைகாப்பதில் இரண்டு பேருக்கும் பங்கு. பகலெல்லாம் செல்லி. அவள் சாம்பல் நிறம் மணலோடு மணலாகிவிடும். பொழுது சாய்ந்தால் துரை வந்து மாற்றிக்கொள்வான். இருட்டில் கறுப்புத் தெரியாது. ஆம்பிளை அடைகாக்கிறான் என்று தனம் ஊரில் சொன்ன பிறகு, எங்கள் தெருப் பெண்கள் ஒரு வாரம் தங்கள் வீட்டுக்காரர்களிடம் வேறு எதுவும் பேசவில்லை.

நல்ல புடவை

ஆடி பிறப்பதற்கு முன்னால் குஞ்சுகள் வந்துவிட்டன. லாரிக்காரனை முதலாளியே போனில் வேண்டாமென்று சொல்லிவிட்டார். துரை இங்கேயேதான்.

தட்டியைப் பிரித்த அன்றைக்கு நான் பெட்டியிலிருந்து ஒரு நல்ல புடவையை எடுத்துக் கட்டினேன். ஏன் கட்டினேன் என்று கேட்காதீர்கள். தனம் மேலும் கீழும் பார்த்தாள். வாயைத் திறந்தாள். என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

மெதுவாக வேலியோரம் போனேன். குஞ்சுகள் தேங்காய் நாரைப் பிய்த்து ஒட்டினமாதிரி முள்முள்ளாக இருந்தன. கழுத்தில் கோடு கோடாக வரி. எல்லாம் துரையின் காலடியில் ஓடிக்கொண்டிருந்தன. வெயிலுக்கு அவன் இறக்கையை விரித்துக் கூரை போட்டிருந்தான்.

"துரை" என்றேன்.

தலையைத் தூக்கினான். அந்தப் பெரிய கண் என்னைக் கண்டுபிடித்தது. நேராக என்னைப் பார்த்து ஓடிவந்தான். இறக்கை இரண்டும் விரிந்தன. எனக்குப் பழைய மாதிரி காது சுட்டது. ஐயோ, இத்தனை பேர் பார்க்க மறுபடியும் மண்டி போடப் போகிறானே, செல்லி இருக்கிறாளே, என்று ஒரு கை தானாக முந்தானையைத் தேடியது.

அவன் மண்டி போடவில்லை. பாம்பு மாதிரி சீறினான். ஒரு காலைத் தூக்கி வேலியில் விட்டான் ஓர் உதை. கம்பியெல்லாம் அதிர்ந்து பாடியது. நான் பின்னால் நகர்ந்து, தடுக்கி, நல்ல புடவையோடு மணலில் பொத்தென்று உட்கார்ந்தேன். அவன் இன்னொரு தரம் சீறி, 'இந்தப் பக்கம் வந்தால் தெரியும்' என்கிற மாதிரி நின்று பார்த்துவிட்டு, தன் பிள்ளைகளிடம் திரும்பி நடந்தான். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேனேஜர் ஓடிவந்தார். வாட்ச்மேன் ஓடிவந்தார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். என் தோள் குலுங்கியது.

தனம் பக்கத்தில் வந்து குந்தினாள். "இன்னாக்கா, அழுவுறியா, சிரிக்கிறியா?"

"நீ அந்தாண்ட திரும்பிகினு குந்து. சொல்றேன்" என்றேன்.